லைசென்ஸ் போன துப்பாக்கிக் கடை: சரக்கைக் கட்டுப்படுத்தும் மசோதாவைப் படித்துக் கருத்துச் சொல்வது எப்படி

அமெரிக்காவில் ஒரு துப்பாக்கி வியாபாரியின் லைசென்ஸ் ரத்தானால் அவர் வியாபாரத்தை நிறுத்தியாக வேண்டும். ஆனால் அலமாரியில் இருக்கும் துப்பாக்கிகளை யாரும் வந்து எடுத்துப் போவதில்லை. அவர் காசு போட்டு வாங்கிய சரக்கு, அவர் சொத்து. லைசென்ஸ் இருந்தவரை அவர் ஒவ்வொரு விற்பனைக்கும் வாங்குபவரின் விவரங்களைப் பதியும் படிவம் 4473 நிரப்ப வேண்டும், எஃப்பிஐயின் நிக்ஸ் அமைப்பில் வாங்குபவரின் பின்னணியைச் சரிபார்க்க வேண்டும், பேரேட்டில் எழுத வேண்டும். லைசென்ஸ் போன மறுநாள் அவர் ஒரு தனி மனிதர். தனி மனிதர் தன் துப்பாக்கியை அதே மாநிலத்துக்காரர் ஒருவருக்கு விற்றால், மத்தியச் சட்டப்படி இந்த மூன்றில் எதுவும் கட்டாயமில்லை. ஒழுங்காகக் கணக்கு வைக்கவில்லை என்று தண்டிக்கப்பட்டவருக்கு, இனிமேல் கணக்கே வேண்டாம் என்ற சலுகை! இதைத்தான் இங்கே ‘ஃபயர் சேல்’, அதாவது கடையைக் காலி செய்யும் விற்பனை ஓட்டை என்கிறார்கள்.

நான் வக்கீல் இல்லை. திருச்சியில் பாங்குகளுக்கு ஸ்டாக் ஆடிட் பார்த்துவிட்டு, இப்போது மேரிலாந்தில் மகள் வீட்டோடு இருப்பவன். கடன் வாராக்கடன் ஆகிவிட்டால் கடைக்காரரிடம் விளக்கம் கேட்பதெல்லாம் அப்புறம்தான். முதலில் கிடங்கைப் பூட்டுவோம், சரக்கை எண்ணுவோம், பட்டியலில் அவரிடமே கையெழுத்து வாங்குவோம். அந்தப் பழக்கத்தோடுதான் துப்பாக்கி மசோதாக்களையும் படிக்கிறேன். ஆளைப் பற்றிப் பக்கம் பக்கமாக இருக்கும். சரக்கைப் பற்றி நாலு வரிகூடத் தேறாது. பக்கத்து மாநிலங்களில் இருக்கும் தமிழ்ச் சங்க நண்பர்கள் “இந்த ஓட்டையை அடைக்க எங்கள் ஊரில் ஒரு மசோதா வருகிறது, என்ன எழுதுவது?” என்று கேட்பதால் இதை எழுதி வைக்கிறேன்.

ஓட்டை எங்கிருந்து வந்தது

துப்பாக்கி விற்க மத்திய லைசென்ஸ் வேண்டும் என்பது 1968ஆம் ஆண்டுச் சட்டம். அதை நடத்துவது ஏடிஎஃப் என்ற மத்திய அமைப்பு. 1986இல் வந்த திருத்தம் இரண்டு காரியம் செய்தது. லைசென்ஸ் உள்ள வியாபாரி கடைச் சரக்கில் ஒன்றைத் தன் சொந்தச் சேகரிப்புக்கு மாற்றிக்கொள்ளலாம், ஆனால் அதைச் சொந்தப் பொருள் போல விற்க ஒரு வருடம் காத்திருக்க வேண்டும் என்றது. இது ஒன்று. ‘வியாபாரம் செய்பவர்’ யார் என்று சொல்லும்போது, தன் சொந்தச் சேகரிப்பை முழுவதுமாகவோ பகுதியாகவோ விற்பவர் அதில் வரமாட்டார் என்றது. இது இரண்டாவது. தனித்தனியே பார்த்தால் இரண்டும் நியாயமாகத்தான் தெரியும். சேர்த்துப் படித்தால்தான் சிக்கல். ஒரு வருடக் காத்திருப்பு லைசென்ஸ் உள்ளவருக்கு மட்டும்தான். லைசென்ஸ் போய்விட்டவருக்கு அது பொருந்தாது. மீதிச் சரக்கு முழுவதும் ‘என் சேகரிப்பு’ ஆகிவிடுகிறது.

எங்கள் மாநிலத்திலேயே இது நடந்தது. பால்டிமோரை ஒட்டிய பார்க்வில்லில் வேலி கன் என்று ஒரு கடை. பல ஆண்டுச் சோதனைகளில் 900க்கும் மேற்பட்ட விதிமீறல்கள். 2003ஆம் ஆண்டுச் சோதனையில் கணக்குக்கு வராத துப்பாக்கிகள் மட்டும் 400க்கு மேல். ஏடிஎஃப் அதன் லைசென்ஸை ரத்து செய்தது சரிதான் என்று 2006இல் மத்திய மேல்முறையீட்டு நீதிமன்றமும் சொன்னது. அப்புறம் கடைக்காரர் மீதியிருந்த சுமார் 700 துப்பாக்கிகளைத் தன் சொந்தச் சேகரிப்புக்கு மாற்றிக்கொண்டார். கள்ளத்தனமாக இல்லை, சட்டம் விட்ட வழியிலேயே.

அதற்குப் பிறகு நடந்தவற்றைச் சுருக்கமாகச் சொல்கிறேன். 2022 ஜூனில் நிறைவேறிய சட்டம் ‘வியாபாரம் செய்பவர்’ என்பதற்கான வரையறையை அகலப்படுத்தியது. பிழைப்பே அதுவாக இருக்க வேண்டியதில்லை, முக்கிய நோக்கம் லாபமாக இருந்தால் போதும். அதன் அடிப்படையில் ஏடிஎஃப் கொண்டுவந்த விதி 2024 மே 20இல் அமலுக்கு வந்தது. லைசென்ஸ் முடிந்த 30 நாளுக்குள் மீதிச் சரக்கை லைசென்ஸ் உள்ள இன்னொருவருக்குக் கொடுத்துவிட வேண்டும். இல்லையென்றால் ‘முன்னாள் உரிமதாரர் சரக்கு’ என்று தனியாக எழுதி வைக்க வேண்டும். அதைச் சொந்தச் சேகரிப்பு என்று சொல்லி விற்க முடியாது என்றது அந்த விதி. நல்ல விதி. ஆனால் டெக்சாஸில் ஒரு மத்திய நீதிபதி, டெக்சாஸ், லூசியானா, மிசிசிப்பி, யூட்டா மாநிலங்களுக்கும் வழக்குத் தொடுத்த சங்கங்களின் உறுப்பினர்களுக்கும் அந்த விதி செல்லாதபடி இடைக்காலத் தடை போட்டார். 2025 ஏப்ரலில் புதிய அரசு விதியையே மறுபரிசீலனைக்கு எடுத்துக்கொண்டது. வாஷிங்டனில் ஆட்சி மாறினால் விதியும் மாறும் என்பதால்தான், மாநிலச் சட்டமாகவே எழுதி வைப்பது நல்லது என்கிறேன்.

உங்கள் மாநிலம் எந்த வகை

மசோதாவைக் கையில் எடுப்பதற்கு முன் ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள். தனி மனிதருக்கு இடையிலான விற்பனைக்கும் பின்னணிச் சோதனை வேண்டும் என்று உங்கள் மாநிலம் ஏற்கெனவே சொல்கிறதா? கலிஃபோர்னியா, நியூயார்க், வாஷிங்டன், கொலராடோ மாநிலங்களில் சொல்கிறது. அங்கே ஓட்டையின் பெரும்பகுதி அடைபட்டாயிற்று. மேரிலாந்தில் கைத்துப்பாக்கிக்கு அந்தக் கட்டுப்பாடு முன்பே இருந்தது. ரைஃபிளுக்கும் ஷாட்கன்னுக்கும் 2021 அக்டோபரில்தான் வந்தது. பென்சில்வேனியாவில் இன்னும் பாதிதான். கைத்துப்பாக்கி என்றால் லைசென்ஸ் கடை மூலமோ, ஷெரிஃப் என்ற உள்ளூர்ச் சட்ட அதிகாரியின் அலுவலகம் மூலமோ கைமாற வேண்டும். ரைஃபிள், ஷாட்கன் போன்ற சாதாரண நீளத் துப்பாக்கிக்கு அது கிடையாது. அதனால் அந்த மாநிலத் தலைநகர் ஹாரிஸ்பர்க் பக்கம் ஒரு கடை மூடினால் நான் முதலில் கேட்பது அதன் ரைஃபிள் இருப்பு எவ்வளவு என்றுதான்.

நம் ஊரில் எப்படி என்று கேட்பவர்களுக்கு: இந்திய ஆயுதச் சட்டம் 1959, பிரிவு 21. லைசென்ஸ் ரத்தானாலோ காலாவதியானாலோ ஆயுதத்தைத் தாமதமில்லாமல் காவல் நிலையத்திலோ லைசென்ஸ் உள்ள வியாபாரியிடமோ ஒப்படைக்க வேண்டும். அமெரிக்காவில் துப்பாக்கி வைத்திருப்பதே அரசியல் சாசன உரிமை என்பதால் அதை இங்கே அப்படியே பெயர்த்து நட முடியாது. சங்கக் கூட்டத்தில் இதைச் சொன்னால் தலையாட்டுவார்கள். சட்டமன்றக் குழுவின் முன் சொல்ல வேண்டாம்.

மசோதாவை எப்படிப் படிப்பது

முன்னுரையை விட்டுவிட்டு, எந்தச் சம்பவம் நடந்தால் சட்டம் வேலை செய்யத் தொடங்கும் என்று சொல்லும் வரிக்குப் போங்கள். பல மசோதாக்களில் ‘ரத்து’ என்று மட்டும் இருக்கும். அது போதாது. லைசென்ஸின் ஆயுள் மூன்று வருடம். சோதனை மோசமாகப் போனது என்று தெரிந்ததும் விவரமான வியாபாரி ரத்து ஆகும்வரை உட்கார்ந்திருக்கமாட்டார்; தானாகவே திருப்பிக் கொடுத்துவிடுவார், அல்லது புதுப்பிக்காமல் விட்டுவிடுவார். காகிதத்தில் அவர் ஓய்வு பெற்றவர். ஆகவே ரத்து, புதுப்பிக்க மறுப்பு, தானாக ஒப்படைப்பு, காலாவதி ஆகிய நான்கும் அந்த வரியில் இருக்க வேண்டும். இல்லையென்றால் உங்கள் கடிதத்தின் முதல் பத்தி அதைப் பற்றியதாக இருக்கட்டும்.

அடுத்தது, சரக்கை எந்த நாளில் எண்ணுவது? என் கணக்கில் மிக முக்கியமான கேள்வி இதுதான், யாரும் கேட்காததும் இதுதான். ரத்து ஒரே நாளில் நடப்பதில்லை. ஏடிஎஃப் நோட்டீஸ் கொடுத்ததும் வியாபாரி 15 நாளுக்குள் விசாரணை கேட்கலாம். இறுதி நோட்டீஸ் வந்தால் 60 நாளுக்குள் மத்திய மாவட்ட நீதிமன்றத்துக்குப் போகலாம். மேல்முறையீடு அதற்கும் மேலே. அந்தக் காலத்தில் உத்தரவை நிறுத்தி வைத்தால் கடை வழக்கம்போல நடக்கும். அதில் தவறு ஒன்றுமில்லை, அவர் இன்னும் குற்றம் நிரூபிக்கப்படாதவர். ஆனால் முதல் நோட்டீஸ் வந்த வாரமே நூறு துப்பாக்கியைச் சொந்தச் சேகரிப்புக்கு எழுதிவிட்டு, வழக்கை ஒரு வருடத்துக்கு மேல் இழுத்தால் என்ன ஆகும்? 1986ஆம் ஆண்டின் ஒரு வருடக் காத்திருப்பே முடிந்துவிடுகிறது! லைசென்ஸ் போகும் நாளில் எண்ணினால் அந்த நூறும் கணக்கிலேயே வராது. எனவே முதல் நோட்டீஸ் கையில் கிடைத்த நாளின் இருப்புதான் அடிப்படை. அன்றிலிருந்து பொதுமக்களுக்குச் சோதனையோடு விற்கலாம், சொந்தச் சேகரிப்புக்கு மாற்றக் கூடாது என்று எழுதச் சொல்லுங்கள். தானாக ஒப்படைப்பவருக்கு, கடைசிச் சோதனை தொடங்கிய நாளை வைத்துக்கொள்ளலாம்.

யாரைக் கட்டுப்படுத்துகிறது என்பதை மூன்றாவதாகப் பாருங்கள். இரண்டு கடைகளின் கதை தெரிந்தால் போதும். 2002 அக்டோபரில் தலைநகர் வாஷிங்டன் வட்டாரத்தில் 10 பேரைச் சுட்டுக் கொன்ற ரைஃபிள், வாஷிங்டன் மாநிலத்து டகோமா நகரின் புல்ஸ் ஐ கடையிலிருந்து வந்தது. அதை விற்றதாகக் கடையில் பதிவே இல்லை. சோதித்தபோது 238 துப்பாக்கிகள் கணக்கில் காணோம். 2003இல் லைசென்ஸ் ரத்தானது. அதே இடத்தில் உரிமையாளரின் நண்பர் பெயரில் கடை தொடர்ந்தது. இன்னொன்று மில்வாக்கி அருகே. பேட்ஜர் அவுட்டோர்ஸ் கடையின் லைசென்ஸைப் பறிக்கலாம் என்று 2006இல் சோதனையாளர்கள் பரிந்துரைத்தார்கள். அது நடப்பதற்குள் கடை, மகன் பெயரில் பேட்ஜர் கன்ஸ் ஆனது. அங்கே வாங்கிய துப்பாக்கியால் 2009இல் இரண்டு காவலர்கள் சுடப்பட்டார்கள். 2015இல் ஜூரி ஏறத்தாழ 60 லட்சம் டாலர் இழப்பீடு விதித்தது. இதனால்தான் ‘உரிமதாரர்’ என்ற ஒரு சொல் போதாது என்கிறேன். நிர்வாகத்தில் இருந்தவர்கள், மனைவி, பிள்ளைகள், அவர்கள் பங்கு வைத்திருக்கும் புதிய நிறுவனம், அதே முகவரி எல்லாம் உள்ளே வர வேண்டும். மகன் தொழில் செய்யக் கூடாது என்று அர்த்தமில்லை. புதிதாக விண்ணப்பித்து, பழைய சரக்கை வரிசை எண்ணோடு வரவு வைத்துக்கொண்டு செய்யட்டும்.

சரக்கு எங்கே போகலாம் என்பது எளிது. லைசென்ஸ் உள்ள வியாபாரி, மொத்த விற்பனையாளர், லைசென்ஸ் உள்ள ஏல நிறுவனம், இவ்வளவுதான். கெடு 30 நாள். நியாயமான காரணம் இருந்தால் நீட்டிப்பு. நீட்டிப்பே கிடையாது என்று சில ஆர்வலர்கள் பிடிவாதம் பிடிப்பார்கள். எழுநூறு துப்பாக்கியை முப்பது நாளில் விற்கச் சொன்னால் அடிமாட்டு விலைதான் கிடைக்கும், அது வழக்கில் எதிர்த்தரப்புக்கு நாமே கொடுக்கும் ஆயுதம்.

கடையில் இருப்பதெல்லாம் கடைக்காரர் சரக்கு இல்லை என்பதையும் மறக்காதீர்கள். பழுது பார்க்க வந்தது, விற்றுத்தரச் சொல்லிக் கொடுத்து வைத்தது, அடகு வைத்தது என்று பலவும் இருக்கும். பழுது பார்த்த துப்பாக்கியை அதே ஆளிடம் திருப்பிக் கொடுக்கப் படிவம் வேண்டாம். விற்றுத்தரக் கொடுத்ததையும் அடகையும் திருப்பித் தரப் படிவமும் சோதனையும் வேண்டும். லைசென்ஸ் போனவரால் நிக்ஸ் சோதனை செய்ய முடியாதே! ஆகவே இவை பக்கத்துக் கடை ஒன்றின் வழியாக உரியவருக்குப் போகும் என்று ஒரு உட்பிரிவு வேண்டும். இது இல்லாத மசோதா வாடிக்கையாளர்களைத்தான் தண்டிக்கும். குழுவில் கேட்கப்படும் முதல் கேள்வியும் இதுவாகவே இருக்கும்.

பேரேட்டுக்கு வருவோம். வியாபாரம் அடியோடு நின்றால் 30 நாளுக்குள் எல்லாப் பதிவேடுகளையும் ஏடிஎஃப்புக்கு அனுப்ப வேண்டும் என்று மத்தியச் சட்டமே சொல்கிறது. அவை மேற்கு வர்ஜீனியாவின் மார்ட்டின்ஸ்பர்க்கில் உள்ள மையத்துக்குப் போகின்றன. 2021 இறுதியில் அங்கே சேர்ந்திருந்த ஆவணங்கள் 90 கோடிக்கும் மேல். வாங்கியவரின் பெயரைத் தட்டித் தேடும்படி அவற்றை வைக்கச் சட்டத்தில் இடமில்லை. படமாக வைத்துப் புரட்டிப் பார்க்கிறார்கள். குற்றம் நடந்த இடத்தில் ஒரு துப்பாக்கி கிடைத்தால் தயாரிப்பாளர், மொத்த வியாபாரி, கடை என்று தடம் பிடித்து வருவார்கள். கடைசிப் பதிவில் ‘உரிமையாளரின் சொந்தச் சேகரிப்புக்கு’ என்று இருந்தால் தடம் அவர் வீட்டு வாசலோடு சரி. அதனால் மூடும் நாளின் இருப்புப் பட்டியலை, வரிசை எண்களோடு, கையெழுத்திட்டு மாநில அதிகாரி ஒருவரிடமும் கொடுக்க வேண்டும் என்று கேளுங்கள். அந்த அதிகாரி யார் என்று மசோதா பெயர் சொல்ல வேண்டும். பென்சில்வேனியாவில் பெரும்பாலான கவுண்டிகளில் (நம் மாவட்டம் போன்றவை) துப்பாக்கி விற்பனைக்கான மாநில லைசென்ஸைக் கொடுப்பதே ஷெரிஃப்தான், அவரிடமே கொடுக்கலாம். பெயர் சொல்லாமல் ‘உரிய அமைப்பு’ என்று விட்டால் பட்டியல் எந்த மேசைக்கும் போய்ச் சேராது.

உங்கள் ஊர்க் கணக்கை நீங்களே எடுப்பது

பொத்தாம் பொதுவாகப் பேசுகிறவர்களைக் குழு உறுப்பினர்கள் காதில் வாங்குவதில்லை. உள்ளூர்க் கணக்கு ஒன்று கையில் இருக்கட்டும். ஏடிஎஃப் தன் தளத்தில் மாதாமாதம் லைசென்ஸ் பட்டியலை மாநில வாரியாக வெளியிடுகிறது. போன வருடத்து மாதம் ஒன்று, இந்த வருடத்து மாதம் ஒன்று இறக்கி எக்ஸெலில் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள்.

லைசென்ஸ் எண்ணை எப்படிப் பிரிப்பது என்று தெரிந்தால் வேலை சுலபம். அதில் ஆறு துண்டுகள் உண்டு. நான்காவது துண்டு தொழில் வகை: 01 வியாபாரி, 02 அடகுக் கடை, 07 தயாரிப்பாளர். ஐந்தாவது துண்டு காலாவதி: ஓர் எண்ணும் ஓர் எழுத்தும். எண் ஆண்டின் கடைசி இலக்கம், எழுத்து மாதம். ஏ ஜனவரி, பி பிப்ரவரி என்று போய், ஐ என்ற எழுத்தை மட்டும் தாண்டி, எம் டிசம்பரில் முடியும். புதுப்பித்தால் இந்தத் துண்டு மாறும். அதனால் முழு எண்ணை ஒப்பிட்டால் புதுப்பித்த கடைகளெல்லாம் காணாமல் போனதாகக் காட்டும். முதல் மூன்று இலக்கத்தையும் கடைசி ஐந்து இலக்கத்தையும் மட்டும் சேர்த்து ஒப்பிடுங்கள். ஏடிஎஃப்பின் சரிபார்ப்புத் தளமே அந்த எட்டு இலக்கத்தைத்தான் கேட்கிறது.

இப்போது காணாமல் போன கடைகளின் பட்டியல் உங்கள் முன்னால் இருக்கும். பெரும்பாலானவர்கள் உண்மையிலேயே வயதாகி மூடியவர்கள், அல்லது வீட்டிலிருந்து சிறு அளவில் செய்தவர்கள். யாரையும் குற்றவாளி என்று எழுதாதீர்கள், பெயரையும் போடாதீர்கள். எண்ணிக்கை போதும். காணாமல் போன முகவரியில் புது லைசென்ஸ் முளைத்திருக்கிறதா என்று மட்டும் முகவரி வரிசையில் ஒரு முறை ஓட்டிப் பாருங்கள்.

சாட்சியம்

மேரிலாந்து சட்டமன்றம் ஜனவரி இரண்டாம் புதன்கிழமை தொடங்கி 90 நாள்தான் நடக்கும். மசோதாவின் விசாரணைத் தேதிக்கு முன்பே சட்டமன்றத் தளத்தில் பெயர் பதிந்து எழுத்துச் சாட்சியத்தை ஏற்றிவிட வேண்டும். பேசக் கிடைப்பது ஓரிரு நிமிடம். பென்சில்வேனியாவில் பெரும்பாலும் அழைக்கப்பட்டவர்களே பேசுவதால், உங்கள் தொகுதி உறுப்பினருக்கும் குழுத் தலைவருக்கும் கடிதம் எழுதுவதே வழி.

ஒரே ஒரு பக்கம் எழுதுங்கள். நான் எழுதினால் இப்படி இருக்கும்: “கடந்த ஓராண்டில் நம் கவுண்டியில் இத்தனை லைசென்ஸ்கள் முடிந்தன. அவற்றின் மீதிச் சரக்கு எங்கே போனது என்று எந்த மாநில அலுவலகத்திலும் பதிவு இல்லை. இந்த மசோதா ரத்தானவர்களை மட்டும் பிடிக்கிறது. இரண்டாம் பிரிவில் ‘ஒப்படைப்பு அல்லது காலாவதி’ என்ற சொற்களைச் சேர்க்கக் கேட்கிறேன்.” எந்தப் பிரிவில் எந்தச் சொல் என்று சொல்லிவிட்டால், உறுப்பினரின் உதவியாளர் அதை அப்படியே திருத்தமாக எடுத்துக்கொள்ள முடியும். துப்பாக்கி நல்லதா கெட்டதா என்ற விவாதத்துக்குள் போகாதீர்கள். அதற்கு இரண்டு பக்கமும் ஆள் வந்திருப்பார்கள்.

எதிர்ப்பு இரண்டு வகையில் வரும். சொத்தைப் பறிக்கிறீர்கள் என்பார்கள். பறிக்கவில்லை, விற்கலாம், லைசென்ஸ் உள்ளவரிடம் விற்கலாம், பணம் அவருக்கே. துப்பாக்கி உரிமை தரும் அரசியல் சாசனத்தின் இரண்டாவது திருத்தத்துக்கு எதிரானது என்பார்கள். துப்பாக்கி வைத்திருக்கும் தனி மனித உரிமையை நிலைநாட்டிய 2008ஆம் ஆண்டின் ஹெல்லர் தீர்ப்பிலேயே, வணிக விற்பனைக்கு நிபந்தனை போடும் சட்டங்களைச் சந்தேகிக்க வேண்டியதில்லை என்று உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. அதே நீதிமன்றத்தின் 2022ஆம் ஆண்டு ப்ரூயன் தீர்ப்புக்குப் பிறகு, இப்படிப்பட்ட கட்டுப்பாட்டுக்கு வரலாற்று முன்மாதிரி கேட்பார்கள். அதை வக்கீல்களிடம் விட்டுவிடுங்கள்.

ஒரு திருத்தத்தை நாமே முந்திக்கொண்டு கேட்பது நல்லது. வியாபாரி இறந்துவிட்டால், மத்திய விதிப்படி அவர் மனைவியோ பிள்ளையோ 30 நாளுக்குள் லைசென்ஸை ஏடிஎஃப்பிடம் காட்டிக் குறிப்பு வாங்கி, மீதிக் காலத்துக்குக் கடையை நடத்தலாம். மசோதாவின் முப்பது நாள் கெடு அந்தக் குடும்பத்தின் மேல் போய் விழக்கூடாது. ‘வாரிசு தொடரும் காலத்தில் இது பொருந்தாது, அந்தக் காலம் முடிந்ததும் பொருந்தும்’ என்று ஒரு வரி சேர்க்கச் சொல்லுங்கள். அந்த வரியை மசோதாவைக் கொண்டுவந்தவரிடம் கொடுப்பதைவிட, குழுவில் தயங்கிக்கொண்டிருக்கும் உறுப்பினரிடம் கொடுங்கள். தன் பெயரில் ஒரு திருத்தம் சேர்ந்துவிட்டால் அவர் எதிர்த்து ஓட்டுப் போடுவது கஷ்டம்.